கிரி என்ற சொல்

எங்கள் வீட்டில் அப்பாவின் காது தவறாது என்று நம்பினோம். அவர் மலாக்கா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ரப்பர் தோட்டத்திலிருந்து வரும் தமிழர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்வதும், நீதிபதி கேட்பதை அவருக்குத் தமிழில் சொல்வதும், நடுவில் மலாய்க்காரர் ஒருவர் சாட்சிக்கு வந்தால் அதையும் சேர்த்துச் சுமப்பதும் அவர் வேலை. ஒரு மனிதரின் விடுதலையும் தண்டனையும் முதலில் அப்பாவின் காதுக்குள் போய்த்தான் வெளியே வருகின்றன என்பது எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். ஆகவே எங்கள் காரில் ஒரு சத்தம் கிளம்பி, அது வலது முன்சக்கரத்திலிருந்து வருகிறது என்று அப்பா சொன்னபோது, அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கோ அது வலப்பக்கமாகவே கேட்டது. நம்பிக்கை காதையும் தன் பக்கம் திருப்பிவிடுகிறது.

நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டு அது. ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து அந்தப் பச்சைக் காரை அப்பா வாங்கியிருந்தார். நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வரிசையில் அப்போது வேறு கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உஜோங் பாசிர் பக்கம் கடற்காற்றுக்குப் போவோம். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில். காரில் யாரும் பேசுவதில்லை. வண்டி ஓட்டும்போது கவனம் சிதறக் கூடாது என்று அப்பா விதித்திருந்தார். அந்த மௌனத்தில்தான் அந்தச் சத்தம் வளர்ந்தது. முதலில் தொலைவில் ஓர் ஆலை ஓடுவது போல் இருந்தது. வேகம் கூடினால் சத்தமும் கூடியது. பிரேக் பிடித்தாலும் மாறவில்லை, கியரை மாற்றினாலும் மாறவில்லை. கார் நின்றால் அதுவும் நின்றது.

அந்த நாட்களில் அப்பாவுக்கு வேறொரு கவலையும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் காலி செய்த இடங்களுக்கு உள்ளூர் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூரில் பெரிய நீதிமன்றத்துக்கு மூத்த மொழிபெயர்ப்பாளராக வரச் சம்மதமா என்று பதிவாளர் அப்பாவைக் கேட்டிருந்தார். அப்பா ஒரு முறை ரயிலேறிப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டும் வந்தார். வந்த பிறகு பதில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். மலாக்காவை விட்டுப்போக மனமில்லை என்று நான் நினைத்தேன். அவர் வாழ்நாள் முழுவதும் உழைத்துக் காத்திருந்த பதவி அது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அந்தத் தயக்கம் எனக்கு விளங்கவில்லை.

சத்தத்தைப் பார்க்க வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழரின் செட்டிக் கம்பத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; பஸ் பட்டறையில் வேலை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை 'அபாங்' என்று மலாயில் அண்ணன் முறை வைத்து அழைப்பேன். அவர்கள் வீட்டில் பிள்ளையாருக்குப் படைப்பது எங்கள் வீட்டைவிட ஒழுங்காக நடக்கும். ஆனால் வீட்டு மொழி மலாய். 'தம்பி', 'பொங்கல்', 'விபூதி' போன்ற சில சொற்களைத் தவிர அவருக்குத் தமிழ் வராது. அப்பாவை 'இஞ்சே' என்று மரியாதையாக அழைப்பார். நான் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து என்னை 'சிக்கு' என்று கேலியாகக் கூப்பிட்டார். மலாயில் அது ஆசிரியர்.

"சிக்காம், சிக்கு! சரியாத்தான் பேரு வச்சிருக்கான். தலை வாராம கிடக்குற உன் சடையைப் பார்த்துத்தான் சொல்றான்" என்று அப்பா சிரிப்பார்.

இப்படி ஒரு மொழியின் சொல்லை இன்னொரு மொழியின் காதால் கேட்டு விளையாடுவது அப்பாவுக்குப் பிடித்த வேடிக்கை. இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த வேடிக்கைக்குப் பழகியிருந்ததால்தான், பின்னால் நடந்ததை நாங்கள் எல்லோரும் வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை மாலை அபாங்கைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு புக்கிட் பாரு வரை போய்த் திரும்பினோம். அம்மா முன்னால் இடப்பக்க இருக்கையில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தாள். அபாங் போகும்போதும் வரும்போதும் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, ஏதோ தூங்குகிறவர் போல் கிடந்தார். வீட்டு வாசலில் கார் நின்றதும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கினார். அப்பா தன் பக்கம் இறங்கி, வலது சக்கரத்தின் பக்கம் நின்று முன்மூடியைத் திறந்து எஞ்சினுக்குக் குறுக்கே குனிந்துகொண்டிருந்தார்.

"கிரி, இஞ்சே" என்றார் அபாங். அப்பா நிமிரவில்லை. "கிரி" என்று மறுபடியும் சொன்னார்.

மலாயில் கிரி என்றால் இடது. இடது சக்கரம் என்கிறார். அப்பா நிமிர்ந்து பார்த்து, தலையை ஆட்டினார்.

"புக்கான் கிரி-கிரி லா, தம்பி! கிரி-கிரின்னா சத்தம் போடுது? ஊம்ம்னு இல்ல போடுது!" என்று பாதி மலாயிலும் பாதித் தமிழிலும் மறுத்துச் சொல்லி, அந்த 'ஊம்ம்' ஒலியையும் இழுத்துக் காட்டினார். பிறகு, "கானான். வலது பக்கம்" என்று கையால் தட்டினார்.

நான் சிரித்தேன். இடது என்ற சொல்லைக் கதவு கிறீச்சிடும் ஒலியாகத் திருப்பிவிட்டாரே என்று ரசித்தேன். அபாங்கும் சிரித்தார். அவருக்கு அது நீதிமன்றத்து ஆளின் சாமர்த்தியமான மறுப்பாகத் தோன்றியிருக்க வேண்டும். "இக்குட் இஞ்சே லா" என்றார், நீங்கள் சொல்கிறபடியே. வண்டி அப்பாவுடையது, காதும் அப்பாவுடையது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த குடையை மடித்தவள், மடித்ததையே மறுபடியும் விரித்து மடித்தாள்.

வலது சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த பேரிங்கைத் துடைத்து, விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்த அபாங், "எலோக் லாகி" என்று முணுமுணுத்தார். இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் புதியது வாங்கி வைத்தாயிற்று, புதியதையே பூட்டினார். மறுநாள் உஜோங் பாசிர் போனோம். சத்தம் எங்களோடு வந்தது.

"புது பேரிங், கொஞ்சம் ஓடித்தான் படியும்" என்றார் அப்பா.

அது படியவில்லை. வாரங்கள் போயின. அப்பாவின் காதை நான் இன்னும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் எனக்கு ஓர் ஆர்வமாகிவிட்டது. மூடிய ஓர் உலோகப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மனிதர், ஒலி எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்? பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் உடலியல் நூல் ஒன்றில் அதற்கு விடை கிடைத்தது. ஓர் ஒலி இரண்டு காதுகளையும் ஒரே கணத்தில் அடைவதில்லை. அந்த நுண்ணிய முன்பின்னையும் வலிமை வேறுபாட்டையும் ஒப்பிட்டுத்தான் மூளை திசையை அறிகிறது. ஒரு காது மட்டும் வேலை செய்தால், எல்லா ஒலியும் அந்தக் காதின் பக்கமிருந்தே வருவதாகத் தோன்றும். இதைப் படித்தேன், படித்துவிட்டு, எவ்வளவு அழகான ஏற்பாடு என்று மட்டும் வியந்தேன். யாரோடும் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

அடுத்த பயணங்களில் இடம் மாறி மாறி உட்கார்ந்தேன். பின்னிருக்கையில் வலக்கோடி, இடக்கோடி, நடு. ஒரு காதை விரலால் அடைத்துப் பார்த்தேன். சத்தம் காரின் தரை முழுவதும் பரவியிருந்ததால் எதுவும் உறுதியாகவில்லை. உறுதியானது சாலையின் வளைவில்தான். புக்கிட் பாருவுக்குப் போகும் வழியில் வலப்பக்கம் நீண்டு திரும்பும் ஓர் இடம் உண்டு. அங்கே சத்தம் திடீரென்று தடித்தது. திரும்பி வரும்போது அதே வளைவு இடப்பக்கம் திரும்பியது. சத்தம் அநேகமாக அடங்கிப்போனது. மறுவாரமும் அப்படியே.

இதை அபாங்கிடம் சொன்னேன். அவர் வேலியின் அந்தப் பக்கம் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"வலப்பக்கம் திரும்பினா பாரம் எந்தக் காலுக்குப் போகும், சிக்கு?" என்று மலாயில் கேட்டார்.

நான் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் ஓடித் திரும்புகிறவள் போல் சாய்ந்து பார்த்தேன். என் உடல் இடது காலில் விழுந்தது. அவர் வாயில் பழத்தோடு சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன். உங்க அப்பாதான் ஜோக் அடிச்சார்."

அப்பா நீதிமன்றத்தில் இருந்த ஒரு நாள், அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காரின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். அபாங் முதலில் வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அதன் பின்னால் இருந்த சுருள் வில்லின் மேல் என் விரல்களை வைக்கச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை, சக்கரம் நீரில் சுற்றுவது போல் சுற்றியது. பிறகு இடது பக்கம். அவர் சக்கரத்தைச் சுழற்றியதும், மிளகை அம்மியில் அரைக்கும்போது குழவியைப் பிடித்திருக்கும் கைக்குள் ஓடுமே, அந்த நறநறப்பு என் விரல்களுக்குள் ஓடியது. காதால் தீர்க்க முடியாததைக் கை ஒரு நொடியில் தீர்த்துவிட்டது. எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அபாங் அசைத்துக் காட்டினார். அது தளர்ந்து ஆடியது.

"இப்படியே ஓட்டினா ஒரு நாள் சக்கரம் நமக்கு முன்னால போய் உஜோங் பாசிர்ல காத்திருக்கும்" என்றார். அந்தச் சக்கரத்தின் நேர் மேலேதான் அம்மாவின் இருக்கை.

நாங்கள் அப்படி இருக்கும்போதே அப்பா வேலை முடிந்து வந்துவிட்டார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பார்த்தபடி காரின் முன்னால் நின்றார். அபாங் அவருக்கு இடப்பக்கத்தில், இடது சக்கரத்தின் அருகே குந்தியிருந்தார்.

"கிரி, இஞ்சே."

அப்பா என்னைப் பார்த்து, "என்ன, காரைத் தூக்கி வச்சிருக்கீங்க? மறுபடியும் வலதைக் கழட்டப் போறானா?" என்றார்.

அபாங் மீண்டும் ஒரு ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து, காரின் முன்னால் சுற்றி, அப்பாவின் மறுபக்கம் வந்து நின்றார்.

"கிரி, இஞ்சே. பேரிங் கிரி."

அப்பா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "கிரியா? அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று மலாயில் கேட்டார்.

"சொன்னேனே, இஞ்சே. ரெண்டு தடவை. நீங்கதான் சிரிச்சீங்க."

அம்மா வாசலில் வந்து நின்றிருந்தாள். அப்பா மெதுவாக என்னைப் பார்த்தார். நீதிமன்றத்தில் சாட்சியைக் கேட்கும் குரல் அது. வீட்டில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அன்னைக்கு இவன் என்ன சொன்னான்? உனக்குத் தோணுறதைச் சொல்லாத. அவன் வாயில வந்ததை அப்படியே சொல்லு."

"கிரின்னு சொன்னார்ப்பா."

"அது மட்டும்தானா?"

"கிரி, இஞ்சேன்னார். மறுபடியும் கிரின்னார்."

"நான் என்ன சொன்னேன்?"

"கிரி-கிரின்னு இல்ல, ஊம்முனு சத்தம் போடுதுன்னு சொன்னீங்க." பிறகு, அவரைக் காப்பாற்றுவதாக எண்ணி, "நீங்க விளையாட்டாத்தானேப்பா சொன்னீங்க" என்று சேர்த்தேன்.

"இல்ல" என்றார் அப்பா. "அவன் சத்தத்தைப் பாடிக் காட்டுறான்னு நினைச்சேன்."

அவர் காலணியைக் கழற்றாமலேயே உள்ளே போனார்.

நூலகத்தில் படித்த அந்தப் பக்கம் அப்போதுதான் என் நினைவில் திறந்துகொண்டது. காரில் பேசக் கூடாது என்ற விதி, சாப்பிடும்போது அம்மா எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக வந்து பரிமாறுவது, கூட்டங்களில் அவர் இடக்கோடி நாற்காலியைத் தேடுவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அபாங்கும் ஏதோ புரிந்துகொண்டார். மேற்கொண்டு வேடிக்கை பேசாமல் வேலையைத் தொடங்கினார்.

அந்த மாலையிலேயே கடைக்கு சைக்கிளில் போய்ப் புதிய பேரிங் வாங்கி வந்தார். சக்கரத்தைக் கழற்றி, நடுவிலிருந்த தகர மூடியை நெம்பி எடுத்து, பெரிய மரையைப் பூட்டியிருந்த ஊசியை உருவி, சக்கரம் மாட்டும் உருளையை வெளியே இழுத்தார். உள்ளேயிருந்த கிரீஸ் கறுத்து, மணல் கலந்தது போல் இருந்தது. பேரிங்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார். குண்டுகள் ஓடும் வளையத்தில் அம்மைத் தழும்பு போல் சிறு பள்ளங்கள். இத்தனை சிறிய பள்ளங்களா அத்தனை பெரிய சத்தத்தைப் போட்டன என்று வியப்பாக இருந்தது. உருளைக்குள் ஒட்டியிருந்த பழைய வளையத்தைப் பித்தளைக் கம்பி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்றினார். ஒரே பக்கம் தட்டினால் கோணிக்கொண்டு சிக்கிவிடுமாம். புதியதில் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி ஊட்டினார். மரையை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு மயிரிழை தளர்த்தி, ஊசியை மாட்டினார். அப்பா ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அபாங் போன பிறகு அப்பா கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"என் காது விஷயம் உனக்குத் தெரியுமா?" என்று அவளைக் கேட்டார்.

"ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகுதானே, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க சொல்லலியே. அதனால நானும் சொல்லல." சற்று நிறுத்தி, "கார்ல மெதுவா சொன்னேங்க, என் காலடியிலதான் சத்தம் வருதுன்னு. உங்களுக்கு விழல. கத்திச் சொன்னா பிள்ளைக்குத் தெரிஞ்சிடும்னு விட்டுட்டேன்" என்றாள்.

அப்பா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு என்னிடம் விளக்கினார். மலாக்கா நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டு அவருக்கு வலப்பக்கம். அதனால் இத்தனை காலம் ஓட்டிவிட்டார். கோலாலம்பூரில் போய்ப் பார்த்தது அதைத்தான். அங்கே கூண்டு இடப்பக்கம்.

"அப்ப கோலாலம்பூர் வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் அம்மா. "உடம்புக்கு முடியலன்னு சொல்லுங்க. இங்கயே இருந்துக்கலாம். இங்க யாருக்குத் தெரியப் போவுது?"

"இங்க மட்டும் எல்லாரும் என் வலப்பக்கமாவே வந்தா பேசுறாங்க? வக்கீல் எங்க நிக்கிறார்? எனக்கு விழாதது விழலன்னு தெரிஞ்சா மறுபடியும் கேட்டுக்குவேன். பாதி விழுந்ததை நானா இட்டு நிரப்புறேனே, அதுதான் பயமா இருக்கு. கிரிங்கிறது கிறீச்சுன்னு ஆகிப்போச்சு. நானும் சந்தேகமே இல்லாம தலையை ஆட்டிட்டேன்."

"ஒரு வார்த்தைக்குப் போய்..."

"கார்ல ஒரு வார்த்தை தப்பினா ஒரு பேரிங் வீணாகும். அங்க ஒரு ஆளு உள்ள போயிடுவான்."

அம்மா அதற்குப் பிறகு வாதாடவில்லை. திங்கட்கிழமை அப்பா பதிவாளரிடம் தாமே சொன்னார். மருத்துவரிடம் அனுப்பினார்கள், இடது காதில் கேட்கும் திறன் அநேகமாக இல்லை என்று உறுதியாயிற்று. கோலாலம்பூர் பதவி, அப்பாவிடம் வேலை பழகிய ஒருவருக்குப் போனது. அப்பாவை மன்றத்திலிருந்து எடுத்து, பின்னால் ஓர் அறையில் ஆவணங்களை மொழிபெயர்க்க உட்கார வைத்தார்கள். புதிய நாட்டின் அறிவிப்புகளும் விதிகளும் மூன்று மொழிகளிலும் தேவைப்பட்ட காலம். அறையில் காகிதம் குவிந்தது. முதல் சில மாதங்கள் அவர் வீட்டில் அதிகம் பேசவில்லை. பழைய வழக்குகளை ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துப் பார்க்கிறார் என்று அம்மா சொன்னாள். அவற்றில் எதிலாவது தவறு கண்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு ஒரு மாலை, ஒரு மலாய்ச் சொல்லுக்குச் சரியான தமிழ் எது என்று என்னிடம் வந்து கேட்டார். இருவரும் அகராதிகளைப் பரப்பிக்கொண்டு வாக்குவாதம் செய்தோம். அன்று முதல் வீடு பழையபடி பேச்சுக்குத் திரும்பியது. காரிலும் பேசத் தொடங்கினோம்; கேட்காவிட்டால் "என்ன?" என்று கேட்க அவர் பழகிக்கொண்டார்.

ஓய்வு பெறும் வரை அப்பா அந்தப் பின்னறையிலேயே இருந்தார். மன்றத்துக்குள் மறுபடியும் நின்று பேசவில்லை. ஓய்வு பெற்று மூன்றாம் ஆண்டில் காலமானார். அம்மா அதற்குப் பிறகு நீண்ட காலம் வாழ்ந்து, தூக்கத்திலேயே போனாள். காரை அதற்கு வெகு முன்பே விற்றுவிட்டோம். எங்கள் வரிசையில் பாதி வீடுகளை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். அந்தக் கூடத்தில் அன்று பேசியதைக் கேட்டவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம். நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்; வேலிக்கு அந்தப் பக்கம் இன்னமும் அபாங் இருக்கிறார்.